வாசல்ல நிக்கிறது தப்பில்லை!



இந்த வாரம் அரியர் புலம்பல் இல்லை, காதல் தோல்வி இல்லை, இன்டர்வியூ டிப்ஸும் இல்லை. சிந்தாதிரிப்பேட்டையில் இருந்து வந்த ஒரே ஒரு கடிதம்தான் மொத்தப் பக்கத்தையும் எடுத்துக்கப் போகுது. நாலு பக்கம், நுணுக்கி நுணுக்கி எழுதின கையெழுத்து. எழுதினவங்க பி.காம் ரெண்டாம் வருஷம் படிக்கிற ஒரு தோழி. 'பேர் மட்டும் போட்டுடாதீங்க, ப்ளீஸ்' என்று மூணு இடத்தில் எழுதியிருக்காங்க. போடலை.

விஷயம் இதுதான். தோழியை வளர்த்தது அவங்க ஆயா. (பாட்டிதாங்க... மெட்ராஸ்ல ஆயா!) சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் கூடை வெச்சு மீன் வித்து, பேத்திக்கு காலேஜ் ஃபீஸ் கட்டினவங்க. வெள்ளிக்கிழமை தவறாம அம்மனுக்கு விளக்கேத்தினவங்க. போன வருஷம் தவறிட்டாங்க. வீடே வெறிச்சுனு ஆன அந்த நாட்கள்ல, கிளாஸ்மேட் ஒருத்தி பெசன்ட் நகர் வேளாங்கண்ணி கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. அங்கே அழுத அழுகைக்கு அப்புறம் மனசு லேசாச்சாம். அப்படியே தொடர்ந்து, இப்போ ஆறு மாசமா ஞாயித்துக்கிழமை திருப்பலிக்குப் போறாங்க. வீட்டில் 'லைப்ரரி'ன்னு பொய்.

'கத்தோலிக்கராவே மாறிடலாமானு இருக்கு. ஆனா, ஒவ்வொரு தடவை முழங்கால் போடும்போதும் உள்ளே ஒரு கேள்வி எழுந்து நிக்குது. இவ்வளவு சந்தேகம் இருக்கிறவ கோயில் வாசலையே மிதிக்கலாமா?' இதான் கடிதத்தின் சாரம்.

முதல்லயே சொல்லிடறேன். 'மாறுங்க'ன்னும் சொல்ல மாட்டேன், 'மாறாதீங்க'ன்னும் சொல்ல மாட்டேன். அது என் வேலை இல்லை. ஆனா, ஒரு முடிவை எடுக்கிறதுக்கு முன்னாடி கேள்விகளை எப்படி வரிசைப்படுத்தறது, எதை யார்கிட்ட கேட்கிறது... அதைப் பத்தி நாம பேசலாம். இன்னிக்கு அவங்க. நாளைக்கு உங்க ரூம்மேட். யார் கண்டது, நீங்களேகூட இருக்கலாம்!

துக்கத்துல எடுக்கிற முடிவு தப்பா?

தோழியோட முதல் சந்தேகம் தன் மேலேயே. 'ஆயா செத்ததாலதான் இந்தப் பக்கம் வந்தேன். அப்போ இது பக்தியா, வெறும் ஆறுதலா?'

நாஞ்சில் நாட்டுப் பக்கம் ஒரு நிஜக் கதை இருக்கு. நட்டாலம் என்ற ஊரில் 1712-ல் பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் உத்தியோகம் பார்த்தவர். செல்வாக்கு, நிலபுலன் எல்லாம் உண்டு. நடுவில் அடி மேல் அடி. மாடுகள் செத்தன, பயிர் போச்சு. மனுஷன் இடிஞ்சுபோயிட்டார்.

அதே அரசாங்கத்தில் அப்போ வேலை பார்த்தவர் டிலனாய். 1741-ல் குளச்சல் போரில் தோத்துப்போன டச்சுக் கம்பெனிப் படை அதிகாரி. பிடிபட்ட கைதி, பிற்பாடு மன்னரின் படைக்கே பயிற்சி கொடுக்கிற தளபதி ஆனார். நண்பரின் வாட்டத்தைப் பார்த்த டிலனாய், பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார் என்கிறது வரலாறு. யோபு யார் தெரியுமா? சொத்து, பிள்ளைகள், உடம்பு எல்லாம் போன பிறகு, 'ஏன் எனக்கு?' என்று கடவுளிடமே வழக்காடின ஆள். ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் 'நீ ஏதோ தப்பு பண்ணியிருப்பே' என்று ரெடிமேட் பதில் வெச்சிருந்தாங்க. கதை முடிவில் கடவுள் கோவிச்சுக்கிறது கேள்வி கேட்ட யோபுவைவிட, சுலபப் பதில் சொன்ன அந்த நண்பர்களைத்தான்!

நீலகண்டன் அந்தக் கதையோடு நிக்கலை. கேட்டார், கத்துக்கிட்டார். 1745-ல் வடக்கன்குளத்தில் பூத்தாரி என்ற இயேசு சபைக் குருவிடம் ஞானஸ்நானம் வாங்கினார். 'லாசர்' என்ற பெயரையே தமிழாக்கி 'தேவசகாயம்' ஆனார். 1749-ல் கைது, மூணு வருஷ சித்ரவதை, 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் சாவு. சாதி பார்க்காமல் எல்லோரோடும் பழகினது அவர் மேல் வெறுப்பை வளர்த்தது என்கிறது கத்தோலிக்கத் திருச்சபை. தண்டனைக்குக் காரணம் மதம் இல்லை என்று வாதாடும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. 2022 மே 15-ல் போப் பிரான்சிஸ் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தார்.

எதுக்கு இந்தக் கதை? அவரும் துக்கத்தில்தான் ஆரம்பிச்சார். துக்கம் கதவைத் திறக்கலாம், அதில் கேவலம் ஒண்ணும் இல்லை. ஆனா துக்கமே முடிவை எடுக்கக் கூடாது. அழுகை நின்ன பிறகும், ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, பஸ்ஸில் தொங்கிக்கிட்டுப் போகும்போதும் அந்தக் கேள்வி உங்களோட வருதா? வந்தா, அது வெறும் ஆறுதல் இல்லை. உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம்.

இன்னொண்ணு. வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போக மதம் மாறணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் பாதயாத்திரை போறவங்களில் எத்தனை பேர் நெத்தியில் திருநீறு, குங்குமம்னு பாருங்க, புரியும். மெழுகுவத்தி ஏத்தறது வேற, சேர்றது வேற. உங்க மனசு கேட்கிறது எதுன்னு முதல்ல பிரிச்சுக்குங்க.

சந்தேகம் இருந்தா டிஸ்குவாலிஃபைடா?

இல்லவே இல்லை. கேள்வி கேட்டு மெதுவா முடிவெடுத்தவங்க பட்டியல் ரொம்பப் பெரிசு.

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் நியூமன் என்று ஒருத்தர். ஆங்கிலிகன் போதகர், கேம்பஸில் அவர் பிரசங்கம்னா கூட்டம் அள்ளும். தன் சபை மேல் அவருக்குச் சந்தேகம் வந்தது 1839-ல். கத்தோலிக்கர் ஆனது 1845-ல். நடுவில் ஆறு வருஷம் படிப்பு, எழுத்து, குழப்பம். நம்ம நாட்டில் அம்பேத்கர்? 'இந்துவாகச் சாக மாட்டேன்' என்று 1935-ல் அறிவிச்சார். நாக்பூரில் பௌத்தம் தழுவினது 1956 அக்டோபர் 14-ல். நடுவில் 21 வருஷம்! அவ்வளவு கோபமும் அவ்வளவு காரணமும் இருந்த மனுஷனே, படிச்சுப் படிச்சு, எடை போட்டுப் பார்த்துத்தான் போனார். நமக்கு என்ன அவசரம்?

உள்ளே போகாம நின்னவங்களும் உண்டு. சிமோன் வெய்ல், பிரெஞ்சு தத்துவ அறிஞர். 1909-ல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். டீச்சர் வேலைக்கு லீவு போட்டுட்டு, தொழிலாளி கஷ்டம் தெரியணும்னு ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். கிறிஸ்து மேல் அவருக்குப் பெரிய ஈர்ப்பு. ஆனா, திருச்சபையில் சேர மனசு ஒப்பலை. பெரென் என்ற குருவுக்குத் தன் தயக்கத்தைக் கடிதம் கடிதமா எழுதினார். 1942-ல் இன்னொரு குருவுக்கு, தன் சந்தேகங்களை 35 பாயின்ட்டா நம்பர் போட்டே அனுப்பினார்! வெளியே நிக்கிற கோடிக்கணக்கானவங்களை விட்டுட்டுத் தான் மட்டும் உள்ளே போக முடியாது என்பது அவர் மனசு. 1943-ல் 34 வயசில் சாகும்வரை எந்தக் குருவிடமும் ஞானஸ்நானம் வாங்கலை. இன்னிக்கு கத்தோலிக்கக் குருமார்களே அவர் புத்தகங்களை மதிச்சுப் படிக்கிறாங்க.

நியூமன் உள்ளே போனார். வெய்ல் வாசல்லயே நின்னார். ரெண்டு பேருமே கேள்வியை முழுங்கலை. அதுதான் பாயின்ட்.

இதில் ஆச்சரியம் என்னன்னா, கத்தோலிக்கத் திருச்சபையின் விதியே அவசரத்துக்கு எதிரானது. வயசு வந்த ஒருத்தர் ஞானஸ்நானம் கேட்டா, அடுத்த ஞாயிறே தண்ணி ஊத்திட மாட்டாங்க. கேட்கிறவரே தன் விருப்பத்தைச் சொல்லணும், கத்துக்கணும், கொஞ்ச காலம் கிறிஸ்தவ வாழ்க்கையை வாழ்ந்து பார்க்கணும் என்கிறது திருச்சபைச் சட்டம் 865. முதலில் விசாரிக்கிற காலம், அப்புறம் மறைக்கல்வி, தவக்காலத்தில் தயாரிப்பு, கடைசியில் ஈஸ்டருக்கு முந்தின ராத்திரி நடக்கிற பாஸ்கா திருவிழிப்பில் ஞானஸ்நானம். ஆதி கிறிஸ்தவர்களின் இந்தப் படிப்படி முறையை ரோம் 1972-ல் மறுபடி முறைப்படுத்திக் கொண்டுவந்தது. எந்தப் படியிலும் 'எனக்கு வேண்டாம்' என்று எழுந்து வந்துடலாம். மனசாட்சிக்கு விரோதமா யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று இன்னொரு விதி, 748, தெளிவாகவே சொல்லுது.

அதனால, 'இந்த வாரமே முடிவு சொல்லு'ன்னு யாராவது நெருக்கினா, அது எந்த மதத்து ஆளா இருந்தாலும் சரி, ஒரு அடி பின்னாடி வாங்க. உங்களை அவசரப்படுத்தறவர் உங்க கேள்வியைக் கேட்கத் தயாரா இல்லை.

'மாதாவைக் கும்பிடறது, போப் சொன்னா சரி... இதெல்லாம் எப்படி?'

தோழியின் ஹாஸ்டல் நண்பர்களில் பெந்தெகொஸ்தே சபைக்காரங்களும் இருக்காங்க. 'கத்தோலிக்கர் சிலையைக் கும்பிடறவங்க'ன்னு அவங்க சொல்ல, தோழிக்கு இன்னும் குழப்பம்.

இங்கே ஒரு விஷயம். ஒரு கொள்கையை மறுக்கிறதுக்கு முன்னாடி, அந்தக் கொள்கை நிஜமா என்ன சொல்லுதுன்னு அதை நம்பறவங்ககிட்டயே கேளுங்க. ஆராதனை கடவுளுக்கு மட்டும், மாதாவுக்கும் புனிதர்களுக்கும் வணக்கம் மட்டும் என்று கத்தோலிக்கப் போதனை ரெண்டையும் பிரிக்குது. போப் சொல்றது எல்லாமே தவறாதுன்னும் அவங்க சொல்லலை. 1870-ல் வரையறுத்த அந்தக் கொள்கை, விசுவாசம், ஒழுக்கம் சம்பந்தமா மொத்தத் திருச்சபைக்கும் முறைப்படி அறிவிக்கிற முடிவுக்கு மட்டும்தான் பொருந்தும். அதுக்கப்புறம் அப்படி முறைப்படி அறிவிச்சது, மாதா விண்ணேற்பு பற்றி 1950-ல் வந்த அறிவிப்பு. கிரிக்கெட்டில் யார் ஜெயிப்பாங்கன்னு போப் சொன்னா, அது நம்ம டீக்கடை ஆருடம் மாதிரிதான்!

ஆனா, நற்கருணை விஷயம் வேற. பலிபீடத்து அப்பமும் ரசமும் உண்மையாகவே கிறிஸ்துவின் உடலும் ரத்தமும் ஆகுதுன்னு கத்தோலிக்கர் நம்பறாங்க. வெறும் அடையாளம்னு சமாளிக்க அங்கே இடமில்லை. 'பாட்டு பிடிச்சிருக்கு, அமைதி பிடிச்சிருக்கு, இது மட்டும் நம்பலை'ன்னா, அதை மறைக்காம மறைக்கல்வி சொல்லித் தர்றவர்கிட்ட அப்படியே சொல்லுங்க. நம்ப முடியாததை நம்பற மாதிரி நடிக்கிறதுதான் ஆபத்து. கேட்கிறது இல்லை.

'எங்க ஆயா எங்கே போவாங்க?'

கடிதத்தில் மை கலைஞ்சிருந்த இடம் இது. 'ஞானஸ்நானம் இல்லாம செத்தா நரகம்னு ஒருத்தர் சொல்லிட்டார். மீன் கூடை தூக்கித் தூக்கி என்னைப் படிக்க வெச்ச ஆயா நரகத்துல இருப்பாங்கன்னா, எனக்கு அந்த மோட்சமே வேணாம்.'

தோழி, இந்தக் கேள்வியை நீங்க மட்டும் கேட்கலை. நம்ம முத்துக்குளித்துறையில் பரதவர்கள் மத்தியில் வேலை செஞ்ச பிரான்சிஸ் சவேரியார், 1549-ல் ஜப்பான் போனார். அங்கே மதம் மாறினவங்க அவரைக் கேட்டதும் இதேதான். 'எங்க முன்னோர் கதி என்ன? அவங்களைக் காப்பாத்த முடியாதா?' முடியாது என்று அவர் சொல்ல, அவங்க விடாம அழுதாங்க. அதைப் பார்த்துத் தனக்கும் வலிச்சதா 1552-ல் அவரே கடிதத்தில் எழுதியிருக்கார். அந்தக் காலத்து இறையியல் அவர் கையில் கொடுத்திருந்த பதில் அவ்வளவுதான்.

ஆனா கேள்வி சாகலை. நானூறு வருஷம் கழிச்சு, ரெண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் வெளியிட்ட ஆவணம் வேற மாதிரி பேசுது. தன் தப்பு இல்லாம கிறிஸ்துவை அறியாதவங்க, உண்மையான மனசோட கடவுளைத் தேடி, மனசாட்சிப்படி வாழ்ந்தா, அவங்களுக்கும் மீட்பு உண்டு என்கிறது அது. இது யாரோ ஒரு தாராள மனசுக்காரரின் சொந்தக் கருத்து இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் அதிகாரபூர்வப் போதனை.

அப்போ ஆயாவோட திவசம்? படையல்? நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் கத்தோலிக்கர் கல்லறைக்குப் பூ வைச்சு, மெழுகுவத்தி ஏத்தி, செத்தவங்களுக்காக வேண்டிக்கிறதை கீழ்ப்பாக்கம் கல்லறைப் பக்கம் போனா பார்க்கலாம். சீனாவில் முன்னோருக்குச் செய்யும் மரியாதை பற்றி நூற்றாண்டுக் கணக்கில் சண்டை நடந்து, 1939-ல் ரோம் அதை அனுமதிச்சது. முன்னோரை மதிக்கிறதுக்கு இடமிருக்கு. திவசத்தில் எந்தச் சடங்கு மரியாதை, எந்தச் சடங்கு வழிபாடு என்று அவங்க எங்கே கோடு போடறாங்கன்னு பங்குத்தந்தையிடம் நேரடியாகக் கேளுங்க. 'ஆயா படத்துக்கு முன்னாடி விழுந்து கும்பிடலாமா?'ன்னு இதே வார்த்தையில் கேளுங்க. கூச்சமே வேணாம்.

பொட்டு, பூ, பேர்? 1606-ல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி காலத்துச் சண்டை அது. பூணூல், குடுமி, சந்தனம் வெச்சுக்கலாமான்னு விவகாரம் ரோம் வரை போய், 1623-ல் அனுமதி வந்தது. பேரையும் மாத்தியே ஆகணும்னு கட்டாயம் இல்லை. கிறிஸ்தவ உணர்வுக்கு விரோதமா இல்லாத பேர்னா போதும்.

அம்மாகிட்ட எப்போ சொல்றது?

நம்ம சிந்தாதிரிப்பேட்டைக்கே திரும்ப வருவோம். 1734-ல் நெசவாளர்களைக் குடியேத்தி உருவான பேட்டை. சின்னத் தறிப் பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை ஆச்சு என்பாங்க. அங்கே இருக்கிற சியோன் ஆலயத்தில் (இது கத்தோலிக்கம் இல்லை, இப்போ சி.எஸ்.ஐ.) 19-ம் நூற்றாண்டில் போதகரா இருந்தவர் சத்தியநாதன். மாணவரா இருக்கும்போதே மதம் மாறினவர். 1878-ல் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் படிக்க வந்த கிருபாபாய் தங்கினது அவர் குடும்பத்தோடுதான். உடம்பு ஒத்துழைக்காம படிப்பு நின்னுபோச்சு. அந்த வீட்டுப் பையன் சாமுவேலையே கல்யாணம் பண்ணிக்கிட்டார், எழுத்தாளர் ஆனார்.

கிருபாபாய் தன் வாழ்க்கையையே வெச்சு இங்கிலீஷில் எழுதின நாவல் 'சகுணா'. 1887-88-ல் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் பத்திரிகையில் தொடரா வந்தது. ஆமா, ஒரு கேம்பஸ் பத்திரிகையில்! அதில் சகுணாவின் அப்பா, பம்பாய் மாகாணத்துப் பிராமணர், யோசிச்சு யோசிச்சு, தேடித் தேடி, கிறிஸ்தவர் ஆகிறார். அம்மா ராதா? அவங்க தேடவே இல்லை. புருஷன் எடுத்த முடிவு ஒரு நாள் அவங்க தலையில் வந்து விழுது. சொந்தம், பழக்கம், பண்டிகை எல்லாம் ஒரே நாளில் போகுது. கிருபாபாய் உறுதியான கிறிஸ்தவர். ஆனாலும், அம்மாவின் அழுகையை அவர் மறைக்கலை, எழுதி வெச்சார்.

எனக்கு இந்த இடம் முக்கியம். அந்த அப்பாவுக்கு யோசிக்க வருஷக்கணக்கு கிடைச்சது. வீட்டில் இருக்கிறவங்களுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கலை. தோழி, உங்களுக்கு ஆறு மாசமா நடக்கிற போராட்டம் உங்க அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. ஒரு நாள் ஞானஸ்நான போட்டோவோட போய் நின்னா, அவங்க மதத்தைவிட முதல்ல நினைக்கிறது 'லைப்ரரி'ன்னு சொன்ன பொய்யைத்தான்.

18 வயசு ஆயிட்டா சட்டப்படி அம்மாவின் அனுமதி தேவையில்லை. அரசியல் சட்டம் 25-வது பிரிவு மனசாட்சிச் சுதந்திரம் கொடுக்குது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டமும் 2004-லேயே வாபஸ் ஆயிடுச்சு. ஆனா, இது அனுமதி கேட்கிற விஷயம் இல்லை. முடிவை அறிவிக்கிறதும் இல்லை. 'அம்மா, ஆயா போனதுல இருந்து நான் சர்ச்சுக்குப் போறேன். இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணலை. உங்ககிட்ட மறைக்கப் பிடிக்கலை.' இவ்வளவுதான். திட்டுவாங்க. அழுவாங்க. ரெண்டு நாள் பேச மாட்டாங்க. பரவாயில்லை. அடி, உதை, வீட்டுக்காவல்னு போகிற நிலைமை உங்க வீட்டில் இருந்தா மட்டும், முதல்ல நம்பிக்கையான ஒரு அத்தை, சித்தி, பேராசிரியர்னு யாரையாவது பக்கத்தில் வெச்சுக்கிட்டு அப்புறம் பேசுங்க.

சாதி கூடவே வருமா?

'அங்கே போனா சாதி இருக்காதுல்ல?' என்று கேட்டிருக்காங்க. பொய் சொல்ல மாட்டேன். தேவசகாயம் ஞானஸ்நானம் வாங்கின அதே வடக்கன்குளத்தில், பின்னாடி கோயிலுக்குள்ளேயே சாதிக்கொரு பக்கம் பிரிச்சு நடுவில் சுவர் எழுப்பினாங்க. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது இடிக்கப்பட்டது, வழக்கும் நடந்தது. ஆ.சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' புத்தகத்தைக் காலேஜ் லைப்ரரியில் தேடிப் படிங்க. (நிஜமாவே லைப்ரரிக்குப் போன மாதிரியும் ஆச்சு!) தலித் கிறிஸ்தவர்களுக்குப் பாகுபாடு இருக்குன்னு இந்தியக் கத்தோலிக்க ஆயர்களே 2016-ல் வெளியிட்ட கொள்கை அறிக்கையில் ஒத்துக்கிட்டாங்க. இன்னொரு பக்கம், தேவசகாயத்தின் பேரில் இருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டத்தைப் புனிதர் பட்டத்துக்கு முன்னாடி ரோம் நீக்கினதும் உண்மை. ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

இதோட ஒட்டின சர்டிஃபிகேட் விவகாரம். 1950-ம் வருஷ ஜனாதிபதி உத்தரவுப்படி, பட்டியல் சாதி அந்தஸ்து இந்து, சீக்கியர் (1956 முதல்), பௌத்தர் (1990 முதல்) ஆகியோருக்கு மட்டும்தான். கிறிஸ்தவரா மாறினா அது போயிடும். தமிழ்நாட்டில் அப்படி மாறினவங்க பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவாங்க. 'மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர்' என்ற பேரில் மாநில அரசின் சில கல்வி உதவித்தொகை உண்டு. ஆனா, மத்திய அரசு வேலை, பட்டியல் சாதி ஒதுக்கீடு எல்லாம் வேற கணக்கு. 'சர்டிஃபிகேட்ல இந்துன்னு இருக்கட்டும், மனசுல கிறிஸ்தவரா இருந்துக்கலாம்'னு சுலப வழி சொல்றவங்க இருப்பாங்க. புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கலை. ஞானஸ்நானம் வாங்கி, கிறிஸ்தவ வாழ்க்கை வாழ்ந்துக்கிட்டே இந்துன்னு சொல்லி பட்டியல் சாதிச் சான்று கேட்க முடியாதுன்னு சொல்லிடுச்சு. இந்தச் சட்டம் நியாயமா என்பது பெரிய விவாதம். ஆனா, உங்க படிப்பு, வேலை சம்பந்தப்பட்டது. தெரியாமப் போய் மாட்டிக்காதீங்க.

ஒரு சின்ன குறுக்குக் கேள்வி

இது தோழிக்கு இல்லை, உங்களில் சிலருக்கு. 'அவன் கத்தோலிக், நான் இந்து. கல்யாணத்துக்காக மாறணுமா?' மாறத் தேவையில்லை. ஞானஸ்நானம் வாங்காதவரைக் கத்தோலிக்கர் கல்யாணம் பண்ண ஆயரிடம் விதிவிலக்கு வாங்கலாம், திருச்சபைச் சட்டத்திலேயே வழி இருக்கு. பிள்ளைகளைக் கத்தோலிக்கரா வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன்னு கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்கணும். அது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும், அதையும் பேசிக்குங்க. இல்லேன்னா 1954-ம் வருஷ சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கவே இருக்கு. 'ரெண்டு வீட்டையும் சமாளிக்க'ன்னு மட்டும் ஞானஸ்நானம் வாங்காதீங்க. அது அந்த மதத்துக்கும் மரியாதை இல்லை, உங்களுக்கும் மரியாதை இல்லை.

அப்போ, இப்ப என்ன பண்றது?

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்க. வெய்ல் மாதிரி நம்பர் போட்டுக் கேள்விகளை எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்தில், இதை யார்கிட்ட கேட்கணும்னு எழுதுங்க. நற்கருணை, ஆயா, திவசம்... பங்குத்தந்தைகிட்ட. சர்டிஃபிகேட்... தாலுகா ஆபீஸ்லயும், தெரிஞ்ச வக்கீல்கிட்டயும். வீடு... அம்மாகிட்ட. அப்புறம் ரெண்டு பேரைத் தேடிப் பிடிங்க. மாறி சந்தோஷமா இருக்கிற ஒருத்தர், யோசிச்சுட்டு வேண்டாம்னு வந்த ஒருத்தர். ரெண்டு பேர் கதையையும் குறுக்கிடாம கேளுங்க. ஆயா கும்பிட்ட அம்மன் கோயிலுக்கும் ஒரு தடவை போய் உட்காருங்க. எதை விட்டுட்டுப் போறோம்னு தெரியாம எங்கேயும் போகக் கூடாது.

சில கேள்விக்குப் பதில் கிடைக்கும். சிலது கிடைக்காமலே போகும். பதில் இல்லாத கேள்வியோட உள்ளே போனவங்களும் இருக்காங்க, வெளியே நின்னவங்களும் இருக்காங்க. நீங்க எந்தப் பக்கம் போனாலும் சரி, கேள்வியை அமுக்கிட்டுப் போகாதீங்க.

தோழி, திவசம் அடுத்த மாசம்னு எழுதியிருந்தீங்க. அன்னிக்கு அம்மா கூடவே இருங்க. மீன் குழம்பு வைக்க உதவி பண்ணுங்க. ஆயா கையால சாப்பிட்டதைப் பத்தி ரெண்டு பேரும் பேசுங்க. லைப்ரரி விஷயத்தையும் அன்னிக்கே சொல்லிடுங்க. அப்புறம் அம்மா என்ன சொன்னாங்கன்னு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க. பேர் போட மாட்டேன், சத்தியமா!

மத்தவங்க... அடுத்த வாரம் பார்க்கலாமா? டாட்டா!